பை தூக்கினவங்க கையில கோப்பை

"கோல்ஃபா? அது பணக்காரன் விளையாட்டு. சேனலை மாத்துப்பா."

விருத்தாசலத்துல எந்த டீக்கடையில வேணும்னாலும் இந்த வசனம் கிடைக்கும். கிரிக்கெட் ஓடலாம், கபடி ஓடலாம், எவனோ எவனையோ தலைக்கு மேல தூக்கிப் போடுற மல்யுத்தம்கூட ரெண்டு டீ நேரத்துக்கு ஓடும். புல்வெளியில ஒருத்தர் வெள்ளைப் பந்தை உத்துப் பார்த்துக்கிட்டு நின்னா மட்டும் ரிமோட் கை மாறிடும்.

இந்த வசனம் முழுப் பொய்யா இருந்தா சிரிச்சுட்டு விட்டுடலாம். பாதி உண்மையா இருக்கு பாருங்க, அதுதான் எரிச்சல்.

மைதானம் பணக்காரங்களோடது. ஒத்துக்கலாம். மட்டை, பை, ஷூ, உறுப்பினர் கட்டணம் எதுவும் சாமானியன் கைக்கு எட்டாது. அதுவும் சரி. ஆனா அந்த மைதானத்துல ஜெயிச்சது யாருன்னு ஒரு தடவை பட்டியலை எடுத்துப் பாருங்க.

நம்ம நாட்டோட பெரிய கோல்ஃப் போட்டி இந்தியன் ஓபன். 1991-லயும் 1993-லயும் ஜெயிச்ச அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்புல அடுத்தவங்க பையைத் தூக்கினவர். 2009-ல ஜெயிச்ச சி. முனியப்பா, பெங்களூருல பை தூக்கினவர். 2013-ல ஜெயிச்ச சித்திகுர் ரஹ்மான், டாக்காவுல பந்து பொறுக்கினவர். 2016-லயும் 2017-லயும் ஜெயிச்ச எஸ்.எஸ்.பி. சௌராசியா, கொல்கத்தா மைதானத்துல புல்தரையைப் பராமரிச்சவரோட பிள்ளை.

பணக்காரன் விளையாட்டுல பணக்காரனை ஜெயிச்ச இந்தக் கூட்டத்தைப் பத்தி யாரும் பேசுறதே இல்ல.

முதல்ல விளையாட்டைப் பத்தி நாலு வரி. (தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டோம்.)

மொத்தம் 18 குழி. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில பந்தை உள்ளே தள்ளணும்னு ஒரு கணக்கு. அதுக்குப் பேரு பார். 18 குழிக்கும் சேர்த்து பெரும்பாலும் 72. யார் குறைச்சலா அடிச்சாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. ஒருத்தர் பையில அதிகபட்சம் 14 மட்டை வெச்சுக்கலாம். தூரமா அடிக்க ஒண்ணு, மணல்லேருந்து எடுக்க ஒண்ணு, குழிக்குப் பக்கத்துல உருட்டிவிட ஒண்ணுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. இந்தப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நாலஞ்சு மணி நேரம் கூடவே நடக்கிறவர்தான் கேடி.

நடக்கிறதோட வேலை முடியாது. காத்து எந்தப் பக்கம் அடிக்குது, கொடிக்கு இன்னும் எத்தனை கஜம், தரை எந்தப் பக்கம் சரியுது, இந்த ஐயாவுக்கு எந்த மட்டை சரிப்படும், எல்லாம் கேடி சொல்லணும். பந்து புதர்ல விழுந்தா தேடி எடுக்கணும். ஐயா தப்பா அடிச்சுட்டுத் திட்டினா வாங்கிக்கணும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. காலையில முதல் ஆட்டம் போறப்போ புல்லுல பனி இறங்கியிருக்கும். குழிக்குப் பக்கத்துல பந்தை உருட்டிவிட்டா, அது போன வழி முழுக்க ஈரத்துல ஒரு கோடு விழும். நேரா போகும்னு நினைச்ச பந்து எந்த இடத்துல வளைஞ்சது, எந்த இடத்துல வேகம் குறைஞ்சதுன்னு அந்தக் கோட்டைப் பார்த்தாலே தெரிஞ்சுடும். வெயில் ஏறினதும் கோடு காய்ஞ்சு போயிடும். ஆனா பை தூக்கிக்கிட்டு நிக்கிற பையன் மனசுல அது நிக்கும். தினமும் பார்க்கிறான் இல்லையா? உறுப்பினர் வாரத்துக்கு ரெண்டு நாள் வர்றவர். பையன் அங்கேயே கிடக்கிறவன்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசு இல்ல. பீங்கான் பட்டறையில பலகை தூக்கிக்கிட்டுத் திரியிற பையன், யாரும் சொல்லிக் கொடுக்காமலே, அச்சுல மண் கரைசலை எப்போ ஊத்தணும், எவ்வளவு நேரத்துல கவிழ்க்கணும், சூளைக்குப் போறதுக்கு முன்னாடி எது விரிசல் விடும்னு பார்த்தே கத்துக்குவான். நெய்வேலி களிமண்ணுல அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செஞ்ச பல பேரோட படிப்பு இப்படித்தான். பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி பக்கத்துலயே இருந்தாலும், அவங்க பாடம் படிச்சது பட்டறையில.

சரி, கொல்கத்தாவுக்குப் போவோம்.

ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-ல ஆரம்பிச்சது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இருக்கிற கோல்ஃப் கிளப்புகள்ல பழசு இதுதான். வெள்ளைக்காரன் எங்கே போனானோ அங்கெல்லாம் தூசிக்கு நடுவுல ஒரு புல்தரையை உண்டாக்கிட்டான். தமிழ்நாட்டுலயும் அதே கதைதான். ஊட்டியில இருக்கு, கொடைக்கானல்ல 1895-லேருந்து இருக்கு. சென்னை கிண்டியில குதிரைப் பந்தயத் திடலுக்கு உள்ளேயே ரொம்ப காலம் ஆடினாங்க. (குதிரை ஓடாத நேரமாப் பார்த்துத்தான்.) விருத்தாசலத்துப் பக்கம் மட்டும் யாரும் மட்டையோட வரல. நம்ம ஊர் வெயிலைப் பார்த்துட்டு ரயில்லயே உட்கார்ந்திருப்பாங்க போல.

அந்தக் கொல்கத்தா மைதானத்துல புல்தரையைக் கவனிச்சுக்கிட்ட ஒரு தொழிலாளிக்கு 1978 மே 15-ல பிறந்த மகன் ஷிவ் சங்கர் பிரசாத் சௌராசியா. சுருக்கமா எஸ்.எஸ்.பி. அப்பா பராமரிச்ச தரையிலதான் பையன் வளர்ந்தான், பை தூக்கினான், அங்கே ஆடினவங்களைப் பார்த்துப் பார்த்து ஆடக் கத்துக்கிட்டான். பயிற்சியாளர் வெச்சு, வீடியோ எடுத்து, கோணம் அளந்து வந்த ஆட்டம் இல்ல அது.

ஆள் குள்ளம். 300 கஜம் பறக்கவிடுற புஜபலம் கிடையாது. ஆனா குழிக்குப் பக்கத்துல வந்துட்டார்னா மனுஷன் மந்திரவாதி. சின்னதாத் தூக்கிப் போடுற அடிக்கு சிப், உருட்டிவிடுற அடிக்குப் பட். ரெண்டுலயும் கில்லாடிங்கிறதால கூட ஆடினவங்க அவருக்கு 'சிப்புட்சியா'ன்னே பேரு வெச்சுட்டாங்க. கேடிகளா இருந்து வந்த ஆட்டக்காரங்கள்ல நிறைய பேருக்கு இந்தக் கைவாகு இருக்கும். காரணம் ரொம்ப சாதாரணமானது. தூரமா அடிச்சுப் பழக மைதானம் முழுசா வேணும், நிறைய பந்து வேணும். குழியோரத்துல பழக ஒரு பழைய மட்டையும் ரெண்டு பந்தும் போதும்.

1997-ல, 19 வயசுல, தொழில்முறை ஆட்டக்காரர் ஆயிட்டார்.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு, தொழில்முறை கோல்ஃபர்னா என்ன வாழ்க்கைன்னு பார்த்துடணும். நம்ம மக்கள் மனசுல இருக்கிறது டைகர் வுட்ஸ், தனி விமானம், பங்களா. நிஜத்துல இந்த வேலையில மாசச் சம்பளம் கிடையாது. போட்டி நாலு நாள். முதல் ரெண்டு நாள்ல 36 குழி ஆடினதும் ஒரு கோடு போடுவாங்க. அதுக்குப் பேரு கட். கோட்டுக்கு மேல இருக்கிறவங்க மட்டும் மீதி ரெண்டு நாள் ஆடலாம். கீழே போனவங்க வெள்ளிக்கிழமை சாயந்திரம் பெட்டி கட்டணும். பரிசுப் பணம் பொதுவா பூஜ்யம். ரயில் டிக்கெட், ஓட்டல், சாப்பாடு, நுழைவுக் கட்டணம், கேடிக்கான கூலி எல்லாம் சொந்தக் கைக்காசு. அடுத்த வாரம் இன்னொரு ஊர், மறுபடியும் முதல்லேருந்து.

அப்பாவோட தொழில் இருந்தா, அம்மாவோட சேமிப்பு இருந்தா, ரெண்டு வருஷம் தாக்குப் பிடிக்கலாம். புல்தரைத் தொழிலாளி மகனுக்கு ஒவ்வொரு கட்டும் அடுத்த மாச வீட்டுச் செலவு. பதற்றத்துல கை நடுங்குறதுக்கும் நடுங்காம இருக்கிறதுக்கும் நடுவுல ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும்.

சௌராசியா உள்ளூர்ப் போட்டிகள்ல நிறையவே ஜெயிச்சார். ஆனா கொல்கத்தாவைத் தாண்டி அவர் பேரு ஊருக்குத் தெரிய பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.

2008 பிப்ரவரி. டெல்லி கோல்ஃப் கிளப். இந்தியன் மாஸ்டர்ஸ். யூரோப்பியன் டூர்ங்கிற ஐரோப்பியப் போட்டிச் சுற்று இந்தியாவுல நடத்தின முதல் போட்டி. மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். எர்னி எல்ஸ் மாதிரி பெரிய தலைகள் எல்லாம் வந்திருந்தாங்க. டெல்லி மைதானம் ஒரு தினுசு: ரெண்டு பக்கமும் அடர்த்தியான முள்ளுப்புதர், நடுநடுவே முகலாயர் காலத்துக் கல்லறை மண்டபங்கள், குறுக்கே மயில். பலசாலிங்க அடிச்ச பந்து கொஞ்சம் விலகினாலும் புதருக்குள்ள போய் உட்கார்ந்துடும். நேரா, அடக்கமா அடிக்கிறவனுக்கு அது சொர்க்கம்.

அயர்லாந்தின் டேமியன் மெக்ரேனை ரெண்டு அடி வித்தியாசத்துல பின்னுக்குத் தள்ளி சௌராசியா ஜெயிச்சார். பரிசு நாலு லட்சத்துப் பதினாறாயிரம் டாலருக்கு மேல. அன்னிக்கு மதிப்புல ஒன்றரைக் கோடி ரூபாயைத் தாண்டும். அதைவிடப் பெரிசு, ஐரோப்பியச் சுற்றுல தகுதி ஆட்டம் எதுவும் இல்லாம நேரா ஆடுற உரிமை. அதுவரைக்கும் யூரோப்பியன் டூர் பட்டம் வாங்கின இந்தியர் ரெண்டே பேர்: அர்ஜுன் அத்வால், ஜீவ் மில்கா சிங். ஜீவ், ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங்கோட பிள்ளை. அத்வாலும் வசதியான வீட்டுப் பிள்ளை. மூணாவதா நம்ம ஆள் போய் நின்னார்.

2011-ல அவந்தா மாஸ்டர்ஸ். யூரோப்பியன் டூர்ல ரெண்டாவது பட்டம்.

ஆனா மனுஷனுக்கு ஒரு முள்ளு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்தியன் ஓபன். 1999-ல ரெண்டாவது இடம். 2006-ல ரெண்டாவது. 2013-ல ரெண்டாவது. 2015-லயும் ரெண்டாவது! (விருத்தாசலத்துக்காரரா இருந்திருந்தா இந்நேரம் கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டியிருப்பார். அத்தனை நியாயமான வழக்கு.)

அந்த 2013 தோல்வியில ஒரு விசேஷம். ஜெயிச்சவர் சித்திகுர் ரஹ்மான். டாக்காவுல குர்மிடோலா மைதானத்துல பந்து பொறுக்கி, பை தூக்கி வளர்ந்தவர். டெல்லியில இந்தியாவோட பெரிய கோப்பைக்கு மோதிக்கிட்டவங்கள்ல இவங்க ரெண்டு பேருமே பின்வாசல் வழியா மைதானத்துக்குள்ள வந்தவங்க. சித்திகுர் 2010-லயே புருனே ஓபன் ஜெயிச்சு, ஆசியச் சுற்றுல பட்டம் வாங்கின முதல் வங்கதேசத்தவர் ஆயிட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாத் தகுதி பெற்று, தொடக்க விழாவுல வங்கதேசக் கொடியைத் தூக்கிக்கிட்டுப் போனதும் அவர்தான்.

2015 தோல்வி இன்னும் கொடுமை. கடைசி நாள் காலையில சௌராசியா முன்னாடி இருந்தார். ஏழு அடி பின்னால இருந்த அனிர்பான் லாஹிரி ஒரே நாள்ல எட்டிப் பிடிச்சு, கூடுதல் குழியில ஜெயிச்சுட்டார். இப்படி ஒரு அடி வாங்கினா நிறைய பேர் மட்டையை மூலையில சாத்திடுவாங்க.

அடுத்த வருஷம், அதே டெல்லி, அதே போட்டி. பின்னால துரத்தினதும் அதே லாஹிரி. இந்தத் தடவை ரெண்டு அடி வித்தியாசத்துல சௌராசியா ஜெயிச்சார். 2017-ல போட்டியை குர்கான் டிஎல்எஃப் மைதானத்துக்கு மாத்தினாங்க. புதுசாச் செதுக்கின, கண்டபடி கஷ்டமான தரை. "டெல்லி புதருக்குத்தான் இவர் ராஜா"ன்னு பேசினவங்க வாயை அடைக்கிற மாதிரி, ஏழு அடி வித்தியாசத்துல மறுபடியும் கோப்பை. அந்த வருஷமே அர்ஜுனா விருது. நடுவுல ரியோ ஒலிம்பிக்ல லாஹிரியோட சேர்ந்து இந்தியாவுக்கு ஆடினவரும் இவரே.

முனியப்பா கதை இதைவிடச் சின்னது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில அடங்கிடும். ஆனா சினிமாக்காரன் எழுதினா நம்ப மாட்டோம்.

பெங்களூருல கர்நாடக கோல்ஃப் சங்கத்து மைதானத்துல கேடியா இருந்தவர். 2009 அக்டோபர்ல இந்தியன் ஓபன் குர்கான்ல நடந்தப்போ அவர் மேல யாரும் பந்தயம் கட்டல. நாலு நாள் முடிவுல கொரியாவின் லீ சங்கும் இவரும் சமம். லீ பிறவியிலேயே காது கேளாதவர். மட்டையில பந்து படுற சத்தம் கோல்ஃபருக்குப் பெரிய தகவல். சரியாப் பட்டதா, ஓரத்துல பட்டதான்னு காதே சொல்லிடும். அது இல்லாமலே ஆசியச் சுற்று வரைக்கும் வந்த மனுஷன். எதிர்ல, பை தூக்கிப் பிழைச்ச மனுஷன். கூடுதல் குழியில முனியப்பா ஜெயிச்சார். பரிசு 1,98,125 டாலர்.

அன்னிக்குத் தோத்தவரையும் சேர்த்துக் கொண்டாடியிருக்கணும். மறுநாள் பேப்பர்ல அதுக்கெல்லாம் இடம் ஏது?

இவங்க எல்லாருக்கும் முன்னாடி அலி ஷேர். இந்தியன் ஓபன் 1964-ல தொடங்கினப்போ முதல் கோப்பை ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சனுக்குப் போச்சு. மறுவருஷம் 1965-ல பி.ஜி. சேத்தி ஜெயிச்சார். இந்தியர்தான், ஆனா அமெச்சூர். அதாவது ஆட்டம் பொழுதுபோக்கு, சோத்துக்கு வேற வழி இருந்தவர். அதுக்கப்புறம் 26 வருஷம் எந்த இந்தியராலயும் தொட முடியல. 1991-ல டெல்லி கேடி ஒருத்தர் எடுத்தார். இந்தியன் ஓபன் ஜெயிச்ச முதல் இந்தியத் தொழில்முறை வீரர். அதிர்ஷ்டம்னு சொன்னவங்களுக்காக 1993-ல இன்னொரு தடவை.

இதுவரைக்கும் படிச்சவங்களுக்கு, 'ஏழைப் பையன் உழைச்சு முன்னேறினான்' கதையாத் தோணலாம். அப்படி முடிச்சுட்டா கிளப்புகளுக்கு ரொம்ப வசதி. உள்ளே வர பின்வாசல் ஒண்ணு இருந்துச்சு, அது வழியா சில பேர் வந்தாங்க, எல்லாம் சுபம். அந்த வாசல்ல காவல்காரன் எப்படி நடந்துக்குவான்னு தெரியணும்னா கடல் தாண்டி தென்னாப்பிரிக்காவோட டர்பனுக்குப் போகணும்.

1860 நவம்பர் 16. மெட்ராஸ் துறைமுகத்துலேருந்து கிளம்பின ட்ரூரோ கப்பல் 342 பேரோட டர்பன்ல கரை சேர்ந்துச்சு. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். அடுத்த அம்பது வருஷத்துல தமிழ் பேசுறவங்க, தெலுங்கு பேசுறவங்க, இந்தி பேசுறவங்கன்னு ஒன்றரை லட்சம் பேர் அங்கே போய்ச் சேர்ந்தாங்க. அப்படிப் போன இந்தியக் கூலிகளோட வம்சத்துல வந்தவர் சேவ்சங்கர் சேவ்கோலம். ஊர் கூப்பிட்ட பேரு பாப்வா.

பள்ளிக்கூடம் போகல. எழுதப் படிக்கத் தெரியாது. மரக்கிளையை மட்டையாக்கி அடிச்சுப் பழகினார். அப்புறம் கேடி. வலது கைக்காரர் மட்டையைப் பிடிச்சா இடது கை மேலேயும் வலது கை கீழேயும் இருக்கணும்ங்கிறது உலக வழக்கம். பாப்வா நேர்மாறாப் பிடிச்சார். 'இப்படிப் பிடிச்சா பந்து நேரா போகாது'ன்னு சொல்ல பக்கத்துல யாரும் இல்ல. அதனால நேரா போச்சு.

கிரஹாம் வுல்ஃப்னு ஒரு வேதியியல்காரர். ஆயில் ஆஃப் ஓலே முகப்பூச்சைக் கண்டுபிடிச்சவர். (ஆமாம், விளம்பரத்துல பார்க்கிறோமே, அதேதான்.) அவர் பாப்வாவோட ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோய், 1959-ல தன்னோட சின்ன விமானத்துலயே ஐரோப்பாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். அந்த வருஷமே பாப்வா டச்சு ஓபன் ஜெயிச்சார். 1960-ல மறுபடியும். 1964-ல மூணாவது தடவை.

வெளிநாட்டுல கோப்பை. உள்ளூர்ல? நிறவெறிச் சட்டம். வெள்ளையர் போட்டியில ஆட அனுமதி வாங்கவே போராட்டம். ஒருவழியா 1963-ல டர்பன் கன்ட்ரி கிளப்புல நடந்த நேட்டால் ஓபன்ல ஆட விட்டாங்க. நூத்துக்கு மேற்பட்ட வெள்ளைக்காரங்களுக்கு நடுவுல ஒரே ஒரு இந்தியர்.

ஜெயிச்சுட்டார்.

அப்போ பார்த்து மழை. பரிசளிப்பை கிளப் கட்டடத்துக்குள்ள நடத்தணும். ஆனா இந்தியர் உள்ளே வரக் கூடாது. தோத்தவங்க எல்லாம் கூரைக்கு அடியில, கையில மதுக் கோப்பையோட. ஜெயிச்சவர் வெளியில மழையில நின்னு பரிசு வாங்கினார். அந்தப் புகைப்படம் உலகம் பூரா சுத்துச்சு. தென்னாப்பிரிக்க விளையாட்டை மத்த நாடுகள் ஒதுக்கி வைக்கணும்னு எழுந்த குரலுக்கு அந்த ஒரு படம் பெரிய பலம்.

1965-ல அதே போட்டியில பாப்வா மறுபடியும் ஜெயிச்சார். இந்தத் தடவை தோத்தவர் கேரி பிளேயர். அந்த வருஷமே அமெரிக்க ஓபனையும் ஜெயிச்சு, நாலு பெரிய பட்டங்களையும் முடிச்ச அதே கேரி பிளேயர்! எழுதப் படிக்கத் தெரியாத, தலைகீழா மட்டை பிடிக்கிற ஒரு டர்பன் இந்தியர் அவரைத் தோற்கடிச்சுட்டார்.

அரசாங்கத்தால அதைத் தாங்க முடியல. அதுக்கப்புறம் பெரிய போட்டிகளுக்கு அனுமதி கிடைக்கல. பாஸ்போர்ட்டும் போச்சு. உச்சத்துல இருந்த ஆட்டக்காரர், ஆட இடமில்லாம வறுமையில 1978-ல செத்துப்போனார். இப்போ டர்பன்ல நகராட்சி நடத்துற ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பேரு. செத்தப்புறம் அரசாங்கத்தோட இகமங்கா விருதும் கொடுத்தாங்க. 2019-ல தென்னாப்பிரிக்க மகளிர் ஓபன் கோப்பையை 18 வயசு இந்தியப் பொண்ணு தீக்ஷா டாகர் ஜெயிச்சப்போ, வெளியில நில்லுன்னு யாரும் சொல்லல.

முனியப்பாகிட்ட தோத்த லீ மாதிரி தீக்ஷாவும் காது கேளாதவர், காது கேட்கும் கருவியோட ஆடுறவர். இடதுகைக்காரர். காது கேளாதோர் ஒலிம்பிக்ல தங்கம் வாங்கினவர்.

நல்ல செய்திதானே? நல்ல செய்திதான். ஆனா இன்னொரு பக்கமும் பார்க்கணும்.

தீக்ஷாவோட அப்பா ராணுவ கர்னல். ராணுவத்துக்கு நாடு முழுக்கச் சொந்த மைதானங்கள் உண்டு. இன்னொரு கோல்ஃபர் சுபங்கர் சர்மாவும் ராணுவ அதிகாரியோட மகன். டோக்கியோ ஒலிம்பிக்ல நாலாவது வந்து, 2021 ஆகஸ்ட் 7 விடியக்காலையில பாதி இந்தியாவை எழுப்பி உட்கார வெச்ச அதிதி அசோக், சின்ன வயசுல பெங்களூருல குடும்பத்தோட சாப்பிடப் போன இடத்துலேருந்து கோல்ஃப் பயிற்சித் திடலைப் பார்த்து ஆசைப்பட்டவர். ரியோவுல அவருக்குப் பை தூக்கினது அப்பா. டோக்கியோவுல அம்மா. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குப் போன நாலு இந்தியர்: சுபங்கர், ககன்ஜீத் புல்லர், அதிதி, தீக்ஷா. நாலு பேருமே அசல் திறமைசாலிகள், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா நாலு பேர்ல ஒருத்தர்கூட பை தூக்கி வந்தவர் இல்ல.

இது தற்செயலாவும் இருக்கலாம். ஆனா காரணம் தேடினா கிடைக்காம இல்ல. இன்னிக்கு எட்டு வயசுலயே அகாடமி, பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், வெளிநாட்டு ஜூனியர் போட்டின்னு போகுது. கேடிப் பையன் அந்த ஓட்டத்துல 18 வயசுல சேர்றதுக்குள்ள மத்தவங்க பாதி உலகம் சுத்தி வந்துடுறாங்க. பல மைதானங்கள்ல பேட்டரி வண்டி வந்து, கூட நடக்கிற வேலையும் கொஞ்சம் கொஞ்சமாக் குறையுது. சின்னப் பசங்க பை தூக்கக் கூடாதுங்கிறது நியாயம். பள்ளிக்கூட வயசுப் பிள்ளையை வெயில்ல சுமக்க வைக்கிறதை யாரும் ஆதரிக்க முடியாது. ஆனா அந்த வேலையை நிறுத்தினவங்க, அது வழியா வந்த ஆட்டத்துக்கு வேற வாசல் வைக்கணும் இல்லையா?

இங்கே நிறைய கிளப்புகள்ல திங்கட்கிழமை உறுப்பினர்களுக்கு விடுமுறை. அன்னிக்குக் கேடிகள் ஆடிக்கலாம்னு ஒரு வழக்கம். மேல சொன்ன கோப்பைகள்ல பலதோட விதை அந்த மாதிரி நாட்கள்லதான் விழுந்திருக்கும். வாரத்துல ஒரு நாள் அரைகுறையாக் கிடைச்ச இடத்துலேருந்தே இத்தனை சாம்பியன்னா, ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் கோயம்புத்தூர்லயும் சென்னையிலயும் இருக்கிற கிளப்புகள் தொழிலாளி வீட்டுப் பிள்ளைங்களுக்குன்னு தினமும் காலையில ஒரு மணி நேரம் பயிற்சித் திடலைத் திறந்துவிட்டா என்ன குறைஞ்சுடும்? பழைய மட்டை ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுப் பரண்லயும் கிடக்கு. சொல்லிக் கொடுக்க அனுபவப்பட்ட கேடிகள் அங்கேயே இருக்காங்க. அவங்களுக்கு அதுக்காக ஒரு சம்பளமும் போட்டுக் கொடுத்தா இன்னும் நல்லது.